மகாகவிக்குப் பிறந்தநாள் கடிதம்: பிள்ளைகளை எப்படி எழுத வைக்கலாம்?

அளவெட்டி வாசகி:
வணக்கம். 2027 ஜனவரி 9ஆம் திகதி ஈழத்துக் கவிஞர் 'மகாகவி'க்கு நூறு வயது. எங்கள் வாசிகசாலையில் ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அவருக்கே கடிதம் எழுதி, அன்றைக்கு எல்லோர் முன்னிலும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. யாழ்ப்பாணத்து அளவெட்டியில் பிறந்தவரை இந்த ஊர்ப் பிள்ளைகள் கொண்டாடாமல் வேறு யார் கொண்டாடுவது? ஆனால் இதுவரை வந்தவை எல்லாம் ஒரே கடிதம்தான்: இயற்பெயர் உருத்திரமூர்த்தி, பிறந்தது 1927, மறைந்தது 1971, தமிழ்த்தொண்டு அளப்பரியது. பிள்ளையையும் காணோம், கவிஞரையும் காணோம். என்ன செய்யலாம்?

பழைய ரீச்சர்:
தங்கச்சி, வாழ்க்கைக் குறிப்பை வாங்கி வைத்துவிட்டு 'தேரும் திங்களும்' கவிதையைக் கையில் கொடுங்கோ. ஊர் கூடித் தேர் இழுக்கிறது. நானும் வடம் பிடிக்கிறேன் என்று வருகிற ஒருவனை அடித்து விழுத்துகிறார்கள். சாதிதான், வேறென்ன. அவனைப் போன்ற இன்னொரு மனிதன் அப்போதுதான் நிலாவில் கால் வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். கடைசியில் தேர் நகராது. முதலில் நீங்களே வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கோ. யாப்பு பிசகாது, ஆனால் பக்கத்தில் இருந்து கதைக்கிற மாதிரி ஓடும். அப்புறம், 'உங்கட கோயிலில் இப்ப வடம் பிடிக்கிறது யார் எண்டு அவருக்கு எழுது' என்று சொல்லுங்கோ.

மேளச்சத்தம்:
ரீச்சர் சொல்வது சரி. ஆனால் எல்லோருக்கும் அதே கவிதையைக் கொடுத்தால் திரும்பவும் ஒரே கடிதம் வரும். தட்சணாமூர்த்தியின் தவிலும் பத்மநாதனின் நாதஸ்வரமும் கேட்ட ஊர் இது. மேளகாரர் வீட்டுப் பிள்ளைக்குக் 'கோடை'யைக் கொடுங்கோ, அந்தப் பாநாடகமே ஒரு நாதஸ்வரக்காரர் குடும்பத்தின் கதை. கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைக்கு மீனவர் கதையான 'புதியதொரு வீடு' பாநாடகம். அதில் மணலில் படம் கீறுகிற சிறு நண்டின் பாட்டு வரும், கேட்டவர் மறக்கமாட்டார். குழப்படிக்காரருக்குக் 'குறும்பா', ஆங்கில லிமரிக் மாதிரியான ஐந்தடி வேடிக்கைக் கவிதைகளின் தொகுப்பு. கடிதத்தையே ஐந்தடிக் குறும்பாவாக எழுதட்டுமே, அந்த வடிவத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவருக்கு அதைவிட நல்ல வாழ்த்து வேண்டுமா?

அளவெட்டி வாசகி:
ரீச்சருக்கும் அண்ணைக்கும் நன்றி. நேற்று 'தேரும் திங்களும்' வாசித்தோம். அவன் மண்ணில் விழுகிற இடத்தில் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், எங்கட கோயிலில பொம்பிளையள் வடம் பிடிக்கிறேல்லை. அதையும் அவருக்கு எழுதலாமோ?" என்று கேட்டாள். அதைத்தான் முதலில் எழுது என்றேன். பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு இருக்கிறாள். 'குறும்பா' முழுப்பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கோ, வந்து பிரதி எடுக்கிறேன்.