சிங்கப்பூரில் ஒரு சனிக்கிழமை, தனியாக

திருப்பூர்க்காரன்:
பனியன் கம்பெனி வேலையாகச் சிங்கப்பூர் போகிறேன். சனிக்கிழமை முழுக்கச் சும்மாதான். தனியாக எங்கே சுற்றலாம்ங்க?

பொள்ளாச்சி அக்கா:
தனியாகப் போவதுதான் சுகம், யாருக்கும் போட்டோ எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை! லிட்டில் இந்தியா பகுதியில் இருக்கும் தேக்கா மார்க்கெட்டில் சாப்பிட்டு, சிராங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மனைக் காலையிலேயே கும்பிட்டுவிடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். அப்புறம் அரபு தெருவுக்கு நடந்தே போகலாம். பாத்திக், பட்டு என்று துணிக்கடைகள். தொழில்காரர் நீங்கள், தொட்டுப் பார்க்காமல் வரமாட்டீர்கள். ராத்திரி 7.45க்கு கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் ராட்சதச் செயற்கை மரங்களின் விளக்குக் காட்சி, காசு கிடையாது. தரையில் படுத்துப் பாருங்கள், கழுத்து வலிக்காது.

ஈரோட்டான்:
ரயிலில் முறுக்கைப் பிரித்துவிடாதீங்க, அபராதம் 500 டாலர் வரைக்கும்.

திருப்பூர்க்காரன்:
சரிங்க அக்கா. தேக்காவில் தோசை கிடைக்குமா?

பொள்ளாச்சி அக்கா:
கிடைக்கும். ஆனால் அங்கே போயும் தோசையாங்க?