5.1 சவுண்ட் கார்டில் முன் ஸ்பீக்கர் மட்டும்தான் பாடுகிறது

வணக்கம். பெரம்பூரில் இருக்கிறேன். விண்டோஸ் 11 கணினிக்காக ரிச்சி தெருவில் வாங்கிய 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) யூஎஸ்பி சவுண்ட் கார்டு. மூன்று வாரம் ஆகிறது. முதல் பத்து நாள் அருமை. அப்புறம் திடீரென்று பின் ஸ்பீக்கர், சென்டர், சப்வூஃபர் எல்லாம் ஊமை. படத்தில் வசனம் சென்டரில்தானே வரும். அம்மாவுக்குப் பின்னணி இசை கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை.

டிரைவரை நீக்கி மறுபடி போட்டேன், போர்ட் மாற்றினேன். விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் உள்ள கன்ஃபிகரில் 5.1 தான் இருக்கிறது. டெஸ்ட் அழுத்தினால் திரையில் பின் ஸ்பீக்கர் மினுங்குகிறது. காதை ஒட்டி வைத்தால் லேசான இரைச்சல் மட்டும். கறுப்பு ஜாக்கில் (பின் ஸ்பீக்கருக்கானது) உள்ள வயரைப் பச்சையில் (முன் ஸ்பீக்கருக்கானது) செருகினால் அதே ஸ்பீக்கர் கணீரென்று பாடுகிறது. ஆக, ஸ்பீக்கரும் வயரும் சரி.

கறுப்பு, ஆரஞ்சு (சென்டர், சப்வூஃபருக்கானது) ஜாக்குகள் போய்விட்டனவா, இல்லை டிரைவர் கோளாறா என்பதை எப்படி உறுதி செய்வது?