கும்பம் வந்த இரவும் முதல் மழையும்

கோணமலைப் பேத்தி:
கனடாவில் இருக்கும் தங்கச்சி இலையுதிர் காலப் படங்களாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இங்கே இலை எங்கே உதிர்கிறது, மழைதான் வரும் என்றேன். அதை வரவேற்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டாள். கும்பம் என்று சொன்னேன், நவராத்திரி முடிய எங்கள் திருகோணமலையில் அம்மனுக்காகத் தலையில் சுமந்து இரவில் வீதி வீதியாக வரும் வேப்பிலைக் கும்பம். சொன்னதிலிருந்து ஒரு விஷயம் மனதை அரிக்கிறது.

எனக்குப் பதினொரு வயது. நவராத்திரி முடிந்து கும்பம் வெளிக்கிட்ட இரவு. எடுத்து வருபவரின் காலில் ஊற்ற, அம்மம்மா மஞ்சள் தண்ணீர்ச் செம்பை என் கையில் தந்துவிட்டார். அந்த முறை எடுத்தவர் அடுத்த ஒழுங்கை மாமா. கும்பம் வைத்த பந்தலான கும்பத்துமாலிலேயே விரதம் இருந்து மெலிந்து போயிருந்தார்.

கும்பம் எங்கள் வாசலுக்கு வரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. அந்த வருடத்து முதல் மழை. உடுக்கின் தோல் நனைந்து சத்தம் செத்துவிட்டது. அடித்துக்கொண்டு வந்த ஐயா எங்கள் தாழ்வாரத்தில் ஏறி, சாம்பிராணிச் சட்டித் தணலில் உடுக்கைக் காட்டிக் காட்டித் திருப்பினார். தோல் இறுகுகிறதா என்று நகத்தால் தட்டிப் பார்த்தார். டப், டப் என்று ஈரச் சத்தம். கொஞ்சம் கொஞ்சமாக அது டிங் என்று மாறியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பினால் மாமா எனக்கு நேரே நிற்கிறார். கும்பத்து வேப்பிலையிலிருந்து தண்ணீர் முகத்தில் வழிகிறது. இரண்டு கையும் மேலே, துடைக்க வழியில்லை. நான் செம்போடு வீட்டுக்குள் ஓடிவிட்டேன். நனையப் பயந்தேனா, அவர் முகத்துக்குப் பயந்தேனா, தெரியாது. அவர் கொஞ்ச நேரம் நின்றார் என்று பிறகு அம்மம்மா சொன்னார். ஒரு ஏச்சும் இல்லை, நின்றார் என்று மட்டும் சொன்னார். காலையில் பார்த்தால் குசினி மூலையில் செம்பு அப்படியே நிறைந்து கிடந்தது. மாமா இப்போது இல்லை.

கரைவலைக்காரன் மகன்:
நாங்கள் நிலாவெளிக் கடற்கரை. கரைவலை இழுக்கும் காலம் முடிந்தால் அப்பா கரையில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்துவார், பிறகு வலையைச் சுருட்டுவோம். ஒரு ஐப்பசியில் கற்பூரம் பற்றவே இல்லை. தெற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்று ஓய்ந்து கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. அப்படிக் கிடக்கும்போதே வடக்கிலிருந்து ஒரு குளிர் காற்று, நாலு தீக்குச்சியையும் அணைத்தது. சின்னக் காற்றுத்தான். ஐந்தாவது குச்சியை அப்பா எடுக்கவில்லை. பெட்டியை மடியில் செருகி, "சரி, வாடை வந்திட்டுது" என்று கடலைப் பார்த்துக் கும்பிட்டார். இரண்டு நாளில் அலை மீனவர் வாடிக் குடிசையடி வரைக்கும் ஏறியது. அதற்குப் பிறகு எந்த வருடமும் கற்பூரம் அணைந்தால் நான் திரும்பக் கொளுத்துவதில்லை.

தம்பலகாமத்தான்:
பேத்தி, இரண்டு இடத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. கும்பம் அம்மனுக்கு. மழையை வரவேற்க வைத்த சடங்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். காலம் ஒத்துவருகிறது, அவ்வளவுதான். அடுத்தது, இலை உதிர்வதில்லை என்று எழுதியது. ஆடி ஆவணியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிறபோது எங்கள் பக்கம் வந்து பாருங்கள், வரம்பெல்லாம் சருகு. குளிர் நாட்டில் குளிருக்கு முன்னால் இலை கொட்டுகிறது, இங்கே வெக்கையில் கொட்டி மழைக்குத் தளிர்க்கிறது. பழைய கணக்கில் ஆவணி, புரட்டாதி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். திருகோணமலையில் ஆவணியில் ஏது கார்? நமக்குக் காரும் கூதிரும் சேர்ந்து ஐப்பசியில்தான் வந்து இறங்கும். அதனால்தான் நம்மவர்கள் ஒரே சொல்லில் மாரி என்றார்கள்.

என் கதை சின்னது. அப்பா செத்த வருடம் மாரி நெல்லான பெரும்போகத்துக்கு விதைக்க நான்தான் முதல் பிடி போடவேண்டும். கோணநாயகர் கோயிலுக்குப் போய் வந்து கிழக்கே பார்த்து நின்றேன். கையெல்லாம் வியர்வை. வீசினால் பாதி நெல் உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது. சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக உதறிவிட்டார்.

வாணி அம்மா:
மகனுக்கு ஏடு தொடக்கிய காலை. ஐயர் அவன் விரலைப் பிடித்துத் தட்டிலிருந்த அரிசியில் அகரம் எழுதுகிறார். அந்நேரம் யன்னல் கண்ணாடியில் தொப் என்று ஏதோ மோதி, சாமி அறைக்குள்ளேயே விழுந்தது. ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, வால் அடியில் குங்குமச் சிவப்பு. கண்ணை மூடித் திறக்கிறது, பறக்கவில்லை. பிள்ளை அரிசித் தட்டிலிருந்து கையை எடுத்து அதைத் தொடப் போனான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்து, எழுது என்றேன். அரிசியில் அகரத்தின் சுழி மட்டும் இருந்தது, மிச்சம் கலைந்துவிட்டது. யாரோ குருவியை வெளியே கொண்டுபோனார்கள். பிழைத்ததா தெரியாது. அவனுக்கு இப்போது பதினாறு, இன்னும் கேட்கிறான்.

சருகு வளவு:
வாணி அம்மா, இனி அப்படி நடந்தால் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். சப்பாத்துப் பெட்டியில் சின்ன ஓட்டைகள் போட்டு, அடியில் பழைய துணி விரித்துக் குருவியை உள்ளே வைத்து மூடுங்கள். இருட்டும் அமைதியும்தான் மருந்து. வாயைத் திறந்து தண்ணீர் விடாதீர்கள், மூச்சுக்குள் போய்விடும். சோறு வேண்டாம், அது பூச்சி தின்னும் குருவி. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து உள்ளே அசையும் சத்தம் கேட்டால் மரநிழலில் பெட்டியைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். பூனையைக் கட்டாயம் அடைத்து வையுங்கள். இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாதி ஐப்பசியில் கடல் தாண்டி வருகிற குருவி அது. சித்திரை வரை நம்மோடு இருக்கும். வந்து சேரும்போது களைத்து, கண்ணாடியில் மோதி விழுவது வழக்கம். அந்த மாதங்களில் கண்ணாடிக்கு வெளியே துணி தொங்கவிட்டால் மோதுவதைக் குறைக்கலாம். இன்னொன்று, வளவைக் கூட்டிச் சருகை எரிக்காதீர்கள். சருகைக் கிளறித்தான் அது சாப்பிடுகிறது. ஒரு மூலையிலாவது விட்டு வையுங்கள். எங்கள் வளவில் விட்ட வருடமே ஒன்று வந்தது. முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்குக் கூவியபோது அம்மா விளக்கு வைப்பதை நிறுத்தி நின்று கேட்டார்.

மெழுகுதிரி:
நாங்கள் வேதக்காரர், எங்களுக்கு மாரி தொடங்குவது நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மழை இல்லாத கல்லறைத் திருநாள் எனக்கு ஞாபகத்தில் இல்லை. அம்மா குடையைத் தனக்குப் பிடிக்காமல் திரிக்குப் பிடிப்பார். ஒருமுறை பக்கத்துக் கல்லறையில் ஒரு வயதான அண்ணை தனியாக. குடை இல்லை, உள்ளங்கையைக் குவித்துக் குவித்துப் பற்றவைக்கிறார், நூர்ந்து நூர்ந்து போகிறது. கடைசியில் பற்றாத திரியைச் சிலுவை அடியில் படுக்க வைத்து, அதன் பக்கத்தில் தீப்பெட்டியையும் வைத்தார். மழை விட்டதும் நீங்களே கொளுத்துங்கோ அம்மா, என்று கல்லறையைப் பார்த்துச் சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார். நெருப்புப் பெட்டி நனையாமல் இருக்க ஒரு செவ்வந்திப் பூவைக் கவிழ்த்து மூடிவிட்டுப் போனார். அவர் போகும்வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் குடைக்குக் கீழே ஆறு திரி எரிந்துகொண்டிருந்தது.