2014 டெஸ்க்டொப், ஐ3, 4 ஜிபி ராம்: திருத்துறதா, வேற எடுக்கிறதா?

நிலாவெளி:

வணக்கம். வீட்டில இருக்கிறது 2014 கடைசியில எடுத்த அசெம்பிள் டெஸ்க்டொப். ஐ3-4160, எச்81 மதர்போர்ட், 4 ஜிபி டிடிஆர்3 ராம் (ஒரே ஸ்டிக்), 500 ஜிபி ஹாட் டிஸ்க், விண்டோஸ் 10. ஒன் பண்ணி குரோம் திறக்கிறதுக்குள்ள ஆறேழு நிமிஷம் போகுது. டாஸ்க் மனேஜரில டிஸ்க் 100% எண்டே நிக்குது. இடைக்கிடை திகதி பழைய வருஷத்துக்குப் போகுது. அப்ப எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானது இல்லை" எண்டு வருது.

பாவனை: மகளுக்கு ஓ/எல் ஐசிடி, ஸூம் வகுப்பு, தமிழ் டைப்பிங், ஒன்லைனில பில் கட்டுறது. கேம் இல்லை. பம்பலப்பிட்டியில ஒரு கடையில "போர்டே மாத்தோணும், புதுசு எடுங்கோ" எண்டு சொல்லிட்டாங்கள். அது உண்மையோ? திருத்திறதெண்டா முதல்ல எதுக்குக் காசு போடுறது?

ஈயப்பற்று:

அக்கா, நீங்கள் எழுதினதில போர்ட் பழுது எண்டு காட்டுற அறிகுறி ஒண்டுமே இல்லை. டிஸ்க் 100% நிக்கிறது ஒரு பிரச்சினை, திகதி பின்னுக்குப் போறது இன்னொண்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை.

திகதியை முதல்ல முடிப்பம். போர்டில வட்டமா இருக்கிற சிஆர்2032 பட்டரி செத்துப்போச்சு. புதுசு 3 வோல்ட் காட்டும். திகதி பிழைச்சா பிரவுசர் தளங்களின்ர பாதுகாப்புச் சான்றிதழை ஏற்காது, அதாலதான் அந்த எச்சரிக்கை. பட்டரியை மாத்த முதல் பயோஸுக்குள்ள (போர்டின்ர அடிப்படை செட்டிங் திரை) போய் சாட்டா மோட் (போர்ட் டிஸ்க்கோட பேசுற முறை) ஏஎச்சிஐயா ஐடிஇயா எண்டு எழுதி வையுங்கோ. பட்டரியைக் கழட்டினா பயோஸ் செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும். அந்த மோட் மாறினா விண்டோஸ் நீலத் திரையோட நிண்டிடும், ஆக்கள் "போர்ட் போச்சு" எண்டு நினைச்சுடுவினம்.

இப்ப வேகம். டாஸ்க் மனேஜரில டிஸ்க் 100% நிக்கேக்க, கீழ வாசிக்கிற வேகத்தையும் பாருங்கோ. செக்கனுக்கு 1, 2 எம்பிதான் காட்டும். சுழலுற ஹாட் டிஸ்க்கின்ர ஊசி இங்கயும் அங்கயும் ஓடி ஓடி செக்கனுக்கு ஏறக்குறைய நூறு சின்ன வாசிப்புத்தான் செய்யும். சுழலுற பாகமே இல்லாத எஸ்எஸ்டி, சாதாரண சாட்டா வகை எண்டாலும், பல்லாயிரம் செய்யும். அதோட 4 ஜிபி ராமில விண்டோஸும் குரோமும் ஸூமும் சேர்ந்தா இடம் போதாது. மிச்சத்தை விண்டோஸ் அதே டிஸ்க்கிலதான் எழுதி எழுதி எடுக்கும். ராமை மட்டும் கூட்டினா பாதிதான் சரிவரும். எஸ்எஸ்டி மட்டும் போட்டா ஸூமோட நாலு டாப் திறக்கேக்க திரும்ப இழுக்கும். இரண்டையும் ஒண்டாச் செய்யுங்கோ.

ஆனா ஒரு சதமும் செலவழிக்க முதல் மூண்டு விஷயம் பார்க்கோணும்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ எண்ட இலவச மென்பொருளைப் போட்டு 05, சி5, சி6 வரிகளைப் பாருங்கோ. 05 எண்டது ஏற்கனவே பழுதாகி மாற்றீடு செய்த இடங்கள், சி5 வாசிக்க முடியாமல் காத்திருக்கிற இடங்கள், சி6 திருத்தவே முடியாதவை. மூண்டும் பூச்சியமா இருக்கோணும். சி7 மட்டும் கூடியிருந்தா பெரும்பாலும் டிஸ்க் இல்லை, கேபிள்.

பிறகு பக்க மூடியைக் கழட்டி, பிராசசரைச் சுத்தியும் பவர் கனெக்டருக்குப் பக்கத்திலயும் நிக்கிற கப்பாசிட்டர்களின்ர தலையைப் பாருங்கோ. தட்டையா இருக்கோணும். ஒண்டு உப்பியிருந்தாலோ கசிஞ்சிருந்தாலோ அப்ப கடைக்காரர் சொன்னது சரி, அந்தப் போர்டுக்குக் காசு போடாதேங்கோ.

மூண்டாவது வெப்பம். எச்டபிள்யூஇன்ஃபோ எண்ட மென்பொருளில சும்மா இருக்கேக்க 40 முதல் 50 பாகை, ஸூம் ஓடேக்க 80க்குக் கீழ எண்டா நம்மட காலநிலைக்குப் பிரச்சினையில்லை. 90 தாண்டினா பிராசசருக்கு மேல இருக்கிற ஹீட் சிங்க்கில தூசி அடைச்சிருக்கு, இல்லாட்டி இரண்டுக்கும் இடையில பூசுற பேஸ்ட் காய்ஞ்சிருக்கு. சூடு கூடினா பிராசசர் தானா வேகத்தைக் குறைச்சுக்கொள்ளும். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு காணும். இன்டெல் கூலரின்ர நாலு முள்ளையும் மூலைக்கு மூலை எதிராக, 'டக்' எண்டு சத்தம் கேட்கிற வரைக்கும் அமத்துங்கோ. ஒரு முள் ஏறாட்டி கூலர் சரிஞ்சு நிக்கும், முந்தியை விடச் சூடு கூடும். தூசி ஊதேக்க ஃபேனை விரலால பிடிச்சுக்கொள்ளுங்கோ, சுழல விடக்கூடாது. பவர் சப்ளையைத் திறக்கவே வேண்டாம். 230 வோல்ட் உள்ள போய் 300 வோல்டுக்கு மேல டிசியா கப்பாசிட்டரில நிக்கும், பிளக்கைக் கழட்டின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் கடற்காத்து படுற வீடெண்டா ராமின்ர பொன் நிறப் பல்லுகள் மங்கியிருக்கும். வெள்ளை அழிறப்பரால மெதுவாத் தேய்ச்சு, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால துடைச்சுப் போடுங்கோ. பீப் பீப் எண்டு கத்திக்கொண்டு திரை வராமல் கிடக்கிற எத்தனையோ கொம்பியூட்டருக்கு இதுதான் வைத்தியம்.

மழைக்கால_ஃபைல்:

ஈயப்பற்று சொன்ன சோதனை எல்லாம் சரி. முடிவில மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து இருக்கு.

உங்கள் ஐ3-4160 இன்டெல்லின் 4ஆம் தலைமுறை, அது விண்டோஸ் 11க்கான அதிகாரபூர்வ பட்டியலில் இல்லை. 8ஆம் தலைமுறையில் இருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை அப்டேட் வரும். மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் அதற்குப் பணம் இல்லை. ஆனால் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் இருக்கவேண்டும். ரூஃபஸ் என்ற மென்பொருளால் இந்தச் சோதனைகளை ஏமாற்றி 11ஐ ஏற்றலாம், ஓடும். ஆனால் வருஷா வருஷம் வரும் பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்றவேண்டும். ஒன்லைனில் வங்கிக் கணக்கைத் திறக்கும் வீட்டுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

ஆகவே பாவித்த 8ஆம் தலைமுறை ஆபிஸ் மெஷின் ஒன்றின் விலையை பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா கொம்பியூட்டர் கடைத்தொகுதியில் நாலு கடையில் கேளுங்கள். டெல் ஒப்டிபிளெக்ஸ் 3060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ எம்720 மாதிரியானவை. ஒப்டிபிளெக்ஸ் 3050உம் 3060உம் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று, ஆனால் 3050 பழைய தலைமுறை, விண்டோஸ் 11 பட்டியலில் வராது. பெட்டியை நம்பாமல், ஒன் பண்ணி பிராசசர் இலக்கத்தைப் பாருங்கள்: ஐ5-8500 எடுக்கலாம், ஐ5-7500 வேண்டாம்.

இந்தச் சின்னப் பெட்டிகளில் ஒரு குறை இருக்கிறது. பவர் சப்ளை கம்பனியின் சொந்த அளவு, சொந்தக் கனெக்டர். எரிந்தால் சாதாரண ஏடிஎக்ஸ் அளவு பவர் சப்ளை ஒன்றை வாங்கிப் பூட்டமுடியாது. அதே மொடலின் உதிரிப்பாகம் அந்தக் கடையில் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேளுங்கள். வொரன்டி எத்தனை மாதம் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். சூடுபட்ட அடையாளம், கீறல் இருந்தால் வொரன்டி இல்லை என்று பில்லின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், அதையும் வாசியுங்கள். சொல்லும் விலையில் 18% வெட் வரி அடங்குமா என்பதும் முன்பே தெரியவேண்டும்.

என் கணக்கு இதுதான். எஸ்எஸ்டி, ராம், பட்டரி, கூலி எல்லாம் சேர்ந்து அந்தப் பாவித்த மெஷினின் விலையில் மூன்றில் ஒன்றுக்குள் நின்றால் திருத்தலாம். பாதியைத் தொட்டால் திருத்தவேண்டாம்.

ஈயப்பற்று:

மூண்டில ஒண்டு எண்ட கணக்கை ஏற்கிறன். ஆனா எஸ்எஸ்டியின்ர விலையை அதில முழுசாப் போடக்கூடாது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி நாளைக்கு வேற மெஷின் எடுத்தாலும் அதுக்குள்ள போகும். இதோட நிண்டு போறது டிடிஆர்3 ராமுக்குக் குடுக்கிற காசுதான். 2025 கடைசியில இருந்து உலகம் முழுக்க ராம் விலை ஏறிக்கிடக்கிறதால, புதுசா ஒரு செட் அடிக்கிறதை விட உள்ளதைத் தாங்கிப் பிடிக்கிறதுக்கு இப்ப கூடுதல் நியாயம் இருக்கு.

விண்டோஸ்தான் தடையெண்டா லினக்ஸ் மின்ட் 22 போடலாம், 2029 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் இருக்கு. ஸூம், குரோம், பைதன், லிப்ரே ஒஃபிஸ் எல்லாம் ஓடும். பாமினி எழுத்துருவில பழைய ஃபைல் இருந்தா அந்த எழுத்துருவைப் போட்டா திறக்கும். புதுசா அடிக்கிறதுக்கு யுனிகோட் தமிழ்99, ஒலிப்பு முறை இரண்டும் இருக்கு. ஆனா மகளுக்கு பாடசாலை லாப்பில மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸில செய்முறை நடக்குதெண்டா, எக்செல்லும் அக்செஸும் வீட்டில இருக்கிறது நல்லம். அதை ஆசிரியரிட்டக் கேட்டுப்போட்டு முடிவெடுங்கோ.

வாங்கேக்க கவனிக்கவேண்டியது: எச்81இல ராம் சொக்கெட் இரண்டு, உச்சம் 16 ஜிபி. உள்ள இருக்கிற 4 ஜிபியோட 1600 வேகத்தில இன்னொரு 4 ஜிபி போட்டா டூவல் சனலில (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில) ஓடும், உங்கட வேலைக்கு 8 போதும். மலிவா "ஏஎம்டி போர்டுக்கு மட்டும்" எண்டு வாற டிடிஆர்3 ஸ்டிக் இன்டெல்லில திரையே காட்டாது. கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கோ.

போர்டில சாட்டா துளை நாலு இருந்தா இரண்டு 6 கிகாபிட், மற்ற இரண்டு 3 கிகாபிட். அநேகமா நிறம் வேறயா இருக்கும், துளைக்குப் பக்கத்தில எழுத்தும் இருக்கும். எஸ்எஸ்டியை 6இல போடுங்கோ. பவர் வயர் காணாட்டி மொலெக்ஸில (பழைய நாலு பின் பவர் கனெக்டர்) இருந்து மாத்துற அடப்டரை யோசிச்சு வாங்கோணும். வயரைச் சுத்தி பிளாஸ்ரிக்கை உருக்கி வார்த்த வகை உள்ளுக்குள்ள ஷோர்ட் ஆகி எரியும். பின்கள் தனித்தனியாத் தெரியிற வகையை எடுங்கோ.

நிலாவெளி:

இரண்டு பேருக்கும் நன்றி. கப்பாசிட்டர் எல்லாம் தட்டையாத்தான் இருக்கு. வெப்பம் ஸூம் ஓடேக்க 74. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில மஞ்சள் நிறத்தில "எச்சரிக்கை" எண்டு வருது: 05 பூச்சியம், சி5 10, சி6 பூச்சியம். 10 எண்டது பயப்படுற அளவோ? அப்பிடியே முழு டிஸ்க்கையும் எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து குளோன் பண்ணலாமோ?

ஈயப்பற்று:

அது 10 இல்லை அக்கா, 16. அந்த மென்பொருள் எண்ணை பதினாறடிமானத்தில காட்டும், மெனுவில ரோ வல்யூஸை பத்தடிமானத்துக்கு மாத்தலாம். 16 இடத்தை டிஸ்க்கால வாசிக்க முடியேல்லை. உங்கட மந்தத்தில ஒரு பங்கு இதாலயும் இருக்கும், ஒரே இடத்தை திரும்பத் திரும்ப வாசிக்கப் பார்த்து டிஸ்க் நிண்டு போகும்.

குளோன் வேண்டாம். வாசிக்க முடியாத இடத்துக்கு வந்தவுடன குளோன்சில்லா மாதிரி குளோன் மென்பொருள் வழக்கமா நிண்டிடும். அதோட 500 ஜிபி டிஸ்க்கை 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு அப்பிடியே போட ஏலாது, பார்ட்டிஷனைச் சுருக்கோணும். பழுதான டிஸ்க்கில அந்த வேலை ஆபத்து. விண்டோஸின்ர டிஸ்க் சோதனையான செக்டிஸ்க்கை /r போட்டு இப்ப ஓட்டவேண்டாம், முழு டிஸ்க்கையும் உழுது இருக்கிற பழுதைக் கூட்டலாம்.

இண்டைக்கே வெளி டிஸ்க் ஒண்டுக்கு கொப்பி பண்ணுங்கோ: முதல்ல ஆவணங்கள், பிறகு படங்கள், கடைசியில வீடியோ. ஒரு ஃபைலில மாட்டினா அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்கோ. டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் டெஸ்க்டொப்பையும் மறக்கவேண்டாம், ஆக்கள் அதிகம் தொலைக்கிறது அங்க இருக்கிறதைத்தான். குரோமில சேமிச்ச கடவுச்சொல்லுகள் கூகுள் கணக்கோட சிங்க் ஆகியிருக்கா எண்டும் பாருங்கோ.

மழைக்கால_ஃபைல்:

போர்ட் நல்லதென்றால் நானும் திருத்தச் சொல்கிறேன். எஸ்எஸ்டி 256 காணும். படங்கள் நிறைய என்றால் 512. வாங்கிய அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளால் நிரப்பிச் சோதியுங்கள், போலிக் கொள்ளளவு இருந்தால் அதில் பிடிபடும். விண்டோஸ் என்றால் 8 ஜிபி பென் ட்ரைவில் மைக்ரோசொஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலால் இன்ஸ்டோலரைச் செய்து புதிதாகப் போடுங்கள். போடும் நேரத்தில் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பூட் பகுதி பழைய டிஸ்க்கில் போய் உட்காரும், பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றிய நாளில் எஸ்எஸ்டியும் எழும்பாது. பழைய டிஸ்க்கைத் திரும்ப உள்ளே பூட்டவேண்டாம். சி5 ஏறியதில் படம் சேமிக்கக்கூடாது.

யூபிஎஸ் இருந்தால் அதன் 12 வோல்ட் 7 ஏஎச் பட்டரியையும் ஒருமுறை பாருங்கள். நம்முடைய வெக்கையில் இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடும். யூபிஎஸ்ஸை எறியாமல் பட்டரியை மட்டும் மாற்றலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி இறங்கும்போது சுவரில் இருந்து பிளக்கையும், ரவுட்டரில் இருந்து வரும் லான் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றினால் மின்னல் லான் வழியாக வந்து போர்டைச் சுட்டுவிடும்.