ரெஜெக்ஸ்ல எக்ஸ் (பழைய ட்விட்டர்) லிங்க் தேடினா நெட்ஃப்ளிக்ஸும் வருகுது, என்ன செய்யிற?

வாவிக்கரை:
2024 நவம்பர் வெள்ளத்துக்க ஆக்கள் போட்ட போஸ்ட் லிங்குகள வாட்ஸப் சாட் ஃபைல்ல இருந்து எடுத்துச் சேர்க்கிறன், மட்டக்களப்புல கிரான் பக்கம், வவுணதீவுப் பக்கம் எந்த ரோட்டுல எப்ப தண்ணி ஏறின எண்டு ஒரு இடத்தில இரிக்கட்டும் எண்டுதான். கோட் ஜாவாஸ்கிரிப்ட், தேடுறது ரெஜெக்ஸால, எண்டா எழுத்துகள்ட வடிவத்தச் சொல்லித் தேடுற முறையால. முதல்ல ட்விட்டர் டொட் கொம் எண்டு மட்டும் தேடினன், கனக்க லிங்க் விடுபட்டுப் போச்சு, மறுகா எக்ஸ் டொட் கொம் எண்டு போட்டா ஆரோ அனுப்பின நெட்ஃப்ளிக்ஸ் லிங்கும் வந்து விழுகுது. லிங்க்ல இரிக்கிற போஸ்ட் நம்பர், அந்த ஐடிய எடுத்தா சிலதுல வெறும் 1 தான் வருகுது. ரெண்டு ராவா இதோட இரிக்கன், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க.

அக்கரைப்பற்று நானா:
தம்பி, நெட்ஃப்ளிக்ஸ்ட கடைசி எழுத்தே எக்ஸ்தானே, நீங்க முன்னுக்கு எல்லை போடல்ல. எச்டிடிபிஎஸ்ல இருந்தே தொடங்குங்க, அதுக்குப் பிறகு டபிள்யூ மூணு இல்லாட்டி மொபைல், இதுகள அடைப்புக்குள்ள போட்டுக் கேள்விக்குறி வையுங்க, இருந்தாலும் சரி இல்லாட்டியும் சரி. மறுகா ட்விட்டர், எக்ஸ் ரெண்டுக்கும் நடுவில நிமிர்ந்த கோடு, ரெண்டுல எது வந்தாலும் சரி எண்டு அர்த்தம். புள்ளிக்கு முன்னுக்குப் பேக்ஸ்லாஷ் கட்டாயம், போடாட்டி அது எந்த எழுத்தையும் உள்ள விட்டிரும். ட்விட்டர்ட பேர் 2023 ஜூலையில எக்ஸ் எண்டு மாறினாலும் ஆக்கள்ட சாட்டுல பழைய லிங்க் அப்பிடியே கிடக்கும்.

1 வாறது படம் உள்ள போஸ்ட்டால. படத்தைத் திறந்து லிங்க் கொப்பி பண்ணினா கடைசில போட்டோ ஸ்லாஷ் 1 எண்டு ஒட்டிக்கிட்டு வரும். ஸ்டேட்டஸ் எண்ட சொல்லுக்கு அடுத்து வாற நம்பரத்தான் பிடிக்கணும்.

கல்முனை கோடர்:
நானா சொன்னதோட ஒண்டு. ஐடிய நம்பரா மாத்தவே வேணாம், ஸ்ட்ரிங்காவே, எண்டா வெறும் எழுத்தாவே வையுங்க. இப்பத்தைய ஐடி 19 இலக்கம், ஜாவாஸ்கிரிப்ட் பிழையில்லாமப் பிடிக்கிறது 9007199254740991 வரைக்கும்தான், அது 16 இலக்கம். எக்செல் அதைவிட மோசம், 15 இலக்கத்துக்கு மேல வாறத எல்லாம் 0 ஆக்கிரும்.

வாவிக்கரை:
ஐயோ, இப்பதான் சீட்டைத் திறந்து பார்த்தன், எல்லா ஐடியும் கடைசில நாலு சைபர்! ஒண்டும் திறக்குதில்ல. நல்லகாலம் சாட் ஃபைல அழிக்கல்ல, ஐடி இரிக்கிற நிரல டெக்ஸ்டா மாத்திட்டுத் திரும்ப ஓட விடுறன். நெட்ஃப்ளிக்ஸ் இப்ப வரல்ல நானா, பெரிய உதவி. ஃபேஸ்புக்குக்கும் இப்பிடியே எழுதலாமா?

அக்கரைப்பற்று நானா:
போஸ்ட்ஸ் எண்டு வாறதுக்கு எழுதலாம். ஷேர் ஸ்லாஷ் பி எண்டு வாறதுல போஸ்ட் நம்பரே இல்ல தம்பி, ரெஜெக்ஸால எடுக்க ஏலா, லிங்கத் திறந்து எங்க கொண்டு போகுது எண்டு பார்த்துத்தான் எடுக்கணும். அதுகள வேற ஃபைல்ல ஒதுக்கி வையுங்க.