நாம்பனைக் கொழுக்க வைக்கப் போன என் அனுபவம் – உங்களுடையதையும் எழுதுங்கள்

சாவகச்சேரியிலிருந்து, 4 பசு வைத்திருப்பவர்:

பசு நாகு (பெண் கன்று) ஈன்றால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். நாம்பன் (ஆண் கன்று) என்றால் அம்மா ஒன்றும் சொல்லாமல் கொட்டிலை விட்டு வெளியே வந்துவிடுவா. பால் மாட்டுக்காரர் வீடுகளில் மிஞ்சியதுதான் நாம்பனுக்குத் தீனி. ஒன்றரை வருடம் எலும்பும் தோலுமாக நிற்கும், பிறகு வருகிற விலைக்குக் கொடுத்துவிடுவோம். எனக்கு அது மனதுக்கு ஒட்டவில்லை. கொடுக்கத்தான் போகிறோம், நிற்கும் வரையாவது வயிறாரத் தின்று நல்ல உடம்போடு போகட்டும் என்று 2 ஜேர்சிக் கலப்பு நாம்பன்களை வேறாகக் கட்டிக் கவனிக்கத் தொடங்கினேன்.

அந்த ஆவணியில் பக்கத்துக் கோவிலில் திருவிழா. எதிர்பார்த்த சனம் வரவில்லை. அன்னதானச் சோறு ஒரு கிடாரம் அப்படியே மிஞ்சிவிட்டது. வீணாக்காமல் மாட்டுக்குப் போடு என்று தந்தார்கள். பசுக்களுக்கு ஆளுக்கொரு கை வைத்தேன். நாம்பன்கள்தானே கொழுக்க வேண்டியவை என்று அவற்றின் தொட்டியை நிரப்பிவிட்டேன். வைத்த கையோடு தின்று முடித்தன. பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் தாங்க முடியவில்லை.

இரவு இரண்டும் இரை மீட்கவில்லை. விடியப் பார்த்தால் இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. கையால் அமத்தினால் பிசைந்த மா மாதிரிக் குழி விழுந்து நின்றது. சாணி தண்ணியாக, புளித்த மணத்தோடு போனது. ஒன்று பல்லை நெருமிக்கொண்டு நின்றது, மற்றது படுத்துவிட்டது. மிருக வைத்தியர் வந்து வாய் வழியாகக் குழாய் விட்டு, அப்பச்சோடா கரைத்து ஊற்றி, நரம்பிலும் மருந்து ஏற்றினார். படுத்தது அடுத்த இரவு செத்துப்போனது. மற்றது தப்பியது. ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு நொண்டத் தொடங்கி, குளம்பு நீண்டு வளைந்துவிட்டது.

வைத்தியர் கொட்டில் வாசலில் இருந்து விளக்கமாகச் சொன்னார். மாட்டின் பெரிய வயிற்றில் தீனியைக் கரைப்பது மாடு இல்லை, அதற்குள் இருக்கும் கிருமிகள். நாரைக் கரைக்கிற கூட்டம் ஒன்று, மாப்பொருளைக் கரைக்கிற கூட்டம் இன்னொன்று. புல்லும் வைக்கோலும் தின்று வந்த மாட்டில் முதல் கூட்டம்தான் நிறைந்திருக்கும். அந்த வயிற்றுக்குள் ஒரே நேரத்தில் சோறு போனால் இரண்டாவது கூட்டம் சில மணித்தியாலங்களில் பெருகி, தயிர் புளிக்கிற அதே அமிலத்தை உண்டாக்கும். வயிற்றின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (குறையக் குறையப் புளிப்புக் கூடும்) வழமையாக 6 முதல் 7 வரை இருக்க வேண்டும். 5 அளவுக்கு இறங்கினால் நாரைக் கரைக்கும் கிருமிகள் செத்துவிடும், வயிற்றின் உட்சுவர் வெந்துபோகும், அமிலம் இரத்தத்துக்கும் போகும். குளம்பு பழுதானதும் அதனால்தான். நெல், சோளம், கோதுமை மா எதுவானாலும் திடீரென்று கூடப் போனால் இதுவே நடக்கும். அவித்த சோறு இன்னும் கெதியாகப் புளிக்கும்.

நான் பட்டது இது. நாம்பனோ கிடாயோ கொழுக்க வளர்த்தவர்கள் என்ன போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள், இறைச்சி எப்படி வந்தது என்று தயவுசெய்து எழுதுங்கள். இன்னொருவர் வீட்டில் இது நடக்கக்கூடாது.

அச்சுவேலியிலிருந்து:

அண்ணை, வாசிக்கும்போதே வயிறு பிசைந்தது. எங்கள் அப்பு, கோவில் வேள்வியில் பலி கொடுக்கிற வேள்விக்கிடாய் வளர்த்தவர். 2 வருடம், 3 வருடம் ஒரே கிடாயைப் பிள்ளை மாதிரிப் பார்ப்பார். பூவரசங்குழை, கிளுவை, முருங்கை என்று கட்டித் தொங்கவிடுவார். உழுத்தங்கோதும் புண்ணாக்கும் கொஞ்சம்தான் வைப்பார். குழைதான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள என்பது அவருடைய பேச்சு. அவருடைய கிடாய் ஒன்றுகூட வயிற்று நோயில் போனதாக எனக்கு நினைவில்லை.

நான் அதைக் கேட்கவில்லை. 3 கிடாய்க்குட்டிகளை நலம் அடித்து (காயடித்து), கெதியாக நிறை ஏற வேண்டும் என்று மில்லிலிருந்து தவிடு சாக்குச் சாக்காக எடுத்துப் போட்டேன். நன்றாகத்தான் ஏறின. நாலாம் மாதம் ஒன்று முதுகை வளைத்து, முக்கி முக்கி நின்றது. வாலை ஆட்டிக்கொண்டே கத்தியது. மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்கினேன். அது சலம் (சிறுநீர்) போக முடியாமல் நின்றிருக்கிறது, எனக்கு விளங்கவில்லை. சலக்குழாயில் கல் அடைத்துச் செத்துப்போனது.

பிறகுதான் விசாரித்து அறிந்தேன். தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. தீனியில் பொசுபரசு ஒரு பங்கு என்றால் கல்சியம் இரண்டு பங்கு அளவில் இருக்க வேண்டுமாம். தவிடே சாப்பாடாகிப் போனால் அது தலைகீழாகி, சலத்தில் கல் சேரும். சிறு வயதிலேயே நலம் அடித்த கிடாய்க்குச் சலக்குழாய் ஒடுங்கி இருப்பதால் சின்னக் கல்லே போதும். இப்போது சீமைக்கிளுவைக் குழையும் இபில்-இபில் குழையும் தாராளமாகப் போடுகிறேன், அவற்றில் கல்சியம் உண்டு. உப்புக்கட்டி கட்டியிருக்கிறேன், நக்கினால் தண்ணீர் நிறையக் குடிக்கும். கிடாய் முக்கிக்கொண்டு நின்றால் முதலில் சலம் போகிறதா என்று பாருங்கள். அதை மட்டும் மறக்க வேண்டாம்.

அல்பேர்ட்டா, கனடாவிலிருந்து, சொந்த ஊர் பருத்தித்துறை:

நான் இங்கே முதலில் இறைச்சித் தொழிற்சாலையிலும், பிறகு 6 வருடம் லெத்பிரிட்ஜ் பக்கம் ஒரு மாட்டுப் பட்டியிலும் வேலை செய்தவன். ஆயிரக்கணக்கான மாடுகளை அடைத்துத் தானியம் போட்டுக் கொழுக்க வைக்கிற இடம். ஊரில் ஒரு கிடாரச் சோற்றில் நடந்ததுதான் இங்கேயும் பெரிய பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் சோளம், அல்பேர்ட்டாவில் பார்லி. கடைசிக் கட்டத்தில் தீனியில் 100க்கு 80, 90 பங்கு தானியமும் சத்துக்கலவையும், மிச்சம்தான் சைலேஜ், அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீனி. ஆனால் அந்த இடத்துக்கு ஒரே நாளில் போவதில்லை. புல்வெளியிலிருந்து வந்து இறங்கும் கன்றுகளுக்கு முதலில் வைக்கோலும் சைலேஜும்தான். தானியத்துக்கு மாற்றும்போது 3, 4 கிழமை எடுத்துப் படிப்படியாகக் கூட்டுவோம். பார்லியை மாவாக அரைக்க மாட்டார்கள், உருளையில் நசுக்கி உமி பிளந்தால் போதும். தூளானால் வயிற்றில் உடனே புளிக்கும்.

விடிய வெள்ளன ஒருவர் வந்து தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டே போவார். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, மாடுகள் எழும்பி வருகின்றனவா, சாணி இறுக்கமா தண்ணியா என்று பார்த்துத்தான் அன்றைய அளவு முடிவாகும். பட்டினி கிடந்த மாட்டுக்கு ஒரே தரத்தில் நிறையப் போடுவதுதான் ஆபத்து. பனிப்புயலில் தீனி லொறி பிந்திய நாட்களில் வழமையைவிடக் குறைத்துத்தான் தொடங்குவோம். தீனியில் மொனென்சின் என்ற மருந்தும் கலப்பார்கள், வயிற்றுக் கிருமிகளைக் கட்டுப்படுத்த. மாட்டுக்கு நல்லது, குதிரைக்கு நஞ்சு. பட்டியைச் சுற்றிப் பார்ப்பவர்கள் குதிரையில்தான் வருவார்கள், அந்தக் குதிரை தொட்டியில் வாய் வைக்காமல் பார்ப்பது பெரிய கவனம்.

வளர்ச்சி என்று பார்த்தால் ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவும் அதற்கு மேலும் ஏறும். ஒரு கிலோ ஏற ஏறத்தாழ 6 கிலோ காய்ந்த தீனி. முதலில் எலும்பு, பிறகு தசை, பிறகு கொழுப்பு. கொழுப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. சிறுநீரகத்தைச் சுற்றி முதலில், பிறகு தசைகளுக்கு இடையில், பிறகு தோலுக்குக் கீழ், கடைசியாகத்தான் தசைக்கு உள்ளே வெள்ளைப் புள்ளி புள்ளியாக. அந்தப் புள்ளிக்குத்தான் இங்கே காசு. 12ஆம் 13ஆம் விலா எலும்புகளுக்கு இடையில் வெட்டி, அந்த முகத்தைப் பார்த்து ஏ, ஏஏ, ஏஏஏ, பிரைம் என்று தரம் போடுவார்கள். கொழுப்பு மஞ்சளாக இருந்தால் பி2, இறைச்சி கறுத்திருந்தால் பி4, விலை விழும்.

தொழிற்சாலையில் நான் நின்ற இடத்தில் ஈரல்கள் வரும். சீழ்க்கட்டி உள்ளதை ஒதுக்க வேண்டும். வெளியே பார்க்க மாடு மினுமினுப்பாக இருந்திருக்கும், ஈரலில் முட்டையளவு கட்டி. தானியம் கூடி வயிற்றுச் சுவர் புண்ணாகி, அந்த வழியாகக் கிருமி ஈரலுக்குப் போனதால் வந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தத் தீனி முறையில் பிடிப்பு விட்டுப்போனது.

அண்ணை, இங்குள்ள முறையை ஊரில் செய்ய நினைக்க வேண்டாம். திமில் உள்ள எங்கள் மாட்டுக்குத் தசைக்குள் கொழுப்பு படிவது இயல்பிலேயே குறைவு. ஊரில் துண்டு துண்டாக வெட்டி நீண்ட நேரம் அவித்துத்தான் கறி வைப்போம், அந்தப் புள்ளிக்கு யாரும் கூடக் காசு தரப்போவதில்லை. கடைசிக் கொழுப்பை ஏற்றப் போகும் தீனிதான் மிக விலை கூடியது. தசை நிறைந்தவுடன் நிறுத்துங்கள்.

யாழ்ப்பாணம், சோனகத் தெருவிலிருந்து:

வாப்பா காலம் முதல் எங்களுக்கு இறைச்சிக் கடை. 1990இல் ஊரை விட்டுப் போக நேர்ந்து, பிறகு திரும்பி வந்து மீண்டும் தொடங்கினோம். கத்தி வைக்கிற எங்களுக்கு வளர்த்தவர் என்ன போட்டார் என்று தெரியும்.

மஞ்சள் கொழுப்பைக் கண்டால் சனம் கிழட்டு மாடு என்று திருப்பித் தருகிறார்கள். வயது மட்டும் காரணம் இல்லை. பச்சைப் புல்லில் உள்ள நிறம்தான் கொழுப்பில் சேர்கிறது. ஜேர்சிக் கலப்புக்கு இயல்பாகவே மஞ்சள் கூட. வைக்கோலும் தவிடும் தின்றதற்கு வெள்ளையாக வரும். மஞ்சளால் இறைச்சிக்கு ஒரு கெடுதியும் இல்லை.

கறுத்து, கையில் ஒட்டுகிற இறைச்சிதான் நான் பயப்படுவது. அது சீக்கிரம் பழுதாகும். தீனியை நன்றாகப் போட்டு வளர்த்தவர்களும் கடைசி நாளில் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். தூரத்திலிருந்து லொறியில் நெருக்கி ஏற்றி, தண்ணீரும் இல்லாமல், முன்பின் தெரியாத நாம்பன்களோடு அடைத்தால் இரவு முழுக்க முட்டிக்கொள்ளும். தசையில் இருக்கும் சர்க்கரை எல்லாம் தீர்ந்துபோகும். அறுத்த பிறகு இறைச்சி புளிக்க அந்தச் சர்க்கரை வேண்டும், பி.எச். 5.5 பக்கம் இறங்க வேண்டும். மாட்டின் வயிற்றுக்குள் கூடாத புளிப்பு, இறைச்சிக்குள் வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு நான் நாம்பன்களை முன்கூட்டியே கொண்டுவந்து, நிழலில் கட்டி, தண்ணீர் வைத்து, ஆற விடுவேன். அந்த இறைச்சியின் சிவப்பே வேறு.

இன்னொன்று. விற்க வரும் காலையில் உப்பும் தவிடும் கரைத்துக் குடிக்க வைத்து வயிற்றை நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். மேய்ச்சல் நாட்டு மாடு 100 கிலோவுக்கு எலும்போடு 45 முதல் 50 கிலோதான் தரும். வயிறு ஊதியிருந்தால் அதிலும் குறையும். நாங்கள் முதுகையும் தொடையையும் தடவித்தான் விலை சொல்கிறோம், வயிற்றைப் பார்த்து இல்லை.

வேலணையிலிருந்து:

தீவுப் பக்கம் கோடையில் புல் ஏது? பனையோலை கிழித்துப் போட்டுத்தான் எங்கள் மாடுகள் உயிர் பிழைக்கின்றன. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 3 கிழமை மூடி வைத்து, எடுத்து ஆற விட்டுப் போடும் முறையில் கொஞ்சக் காலம் நல்ல பலன் கண்டேன். வைக்கோல் மென்மையாகி, மாடு கூடத் தின்றது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது யூரியா இல்லாமல் அது நின்றுபோனது. இப்போது மீண்டும் தொடங்கியிருக்கிறேன். 6 மாதத்துக்குக் கீழ்ப்பட்ட கன்றுக்கு மட்டும் இதைக் கொடுக்க வேண்டாம்.

சாவகச்சேரியிலிருந்து மீண்டும்:

எல்லாருக்கும் நன்றி. பருத்தித்துறைத் தம்பி, ஈரல் கதை எனக்கு நித்திரையைக் கெடுத்தது. சோனகத் தெரு நானா, உங்கள் சொல்லைக் கேட்டு என் மஞ்சள் கொழுப்புக் கவலை போய்விட்டது.

இப்போது நிற்கும் நாம்பன் ஒன்றின் கணக்கைச் சொல்கிறேன். தராசு இல்லை, நாடாதான். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ வரும். தொடங்கும்போது சுற்றளவு 124, நீளம் 108. அதாவது 153 கிலோ. அரைக் கிலோ கலவையோடு தொடங்கி, 4 நாளைக்கு ஒருமுறை கால் கிலோ கூட்டி, இரண்டரைக் கிலோவில் நிறுத்திக்கொண்டேன். சோளம், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, கொஞ்சம் உப்பும் தாதுக்கலவையும். அதைக் காலை பின்னேரம் என்று இரண்டாகப் பிரித்து, முதலில் வைக்கோலோ புல்லோ தின்ற பிறகுதான் வைப்பேன். சீமைக்கிளுவை தினமும் உண்டு. 130 நாளில் சுற்றளவு 140, நீளம் 120. 217 கிலோ. ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கனடாக் கணக்குக்கு இது மூன்றில் ஒன்றுதான், ஆனால் ஒரு நாள்கூட இரை மீட்காமல் நிற்கவில்லை.

அச்சுவேலித் தம்பி சொன்னதைக் கேட்டுத் தவிட்டை இன்னும் குறைத்துச் சோளத்தைக் கூட்டலாமா என்று யோசிக்கிறேன். சோளத்தின் விலைதான் தடுக்கிறது.

கோவிலிலும் கதைத்துவிட்டேன். மிச்சச் சோற்றை இப்போது பல வீட்டுக்காரருக்குப் பிரித்து, மாட்டுக்கு ஒரு கைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.

அச்சுவேலியிலிருந்து:

அண்ணை, அந்தத் தப்பிய நாம்பன் இப்போதும் நிற்கிறதா? குளம்பை யாரைக் கொண்டு வெட்டினீர்கள்? மாமாவின் பசு ஒன்றும் அதே மாதிரி நொண்டுகிறது.

சாவகச்சேரியிலிருந்து:

நிற்கிறது தம்பி. அதைக் கொடுக்க மனம் வரவில்லை. குளம்பு வெட்ட வைத்தியரிடம் பழகிக்கொண்டேன், 2 மாதத்துக்கு ஒருமுறை நானே வெட்டி அரத்தால் தேய்க்கிறேன். ஞாயிறு காலையில் வருகிறேன், மாட்டை நிழலில் கட்டி வையுங்கள், காலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.