புதுப்பிப்பு: அப்பாவின் சிஆர்பி 96, இப்போது 31

வைரஸ் நிமோனியாவில் இருக்கும் அப்பாவுக்கு சிஆர்பி (உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 96 வந்திருக்கிறதே, எவ்வளவு மோசம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது 31. ஆக்சிஜனையும் எடுத்துவிட்டார்கள். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

ஒற்றை எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம் தூண்டிவிட, கல்லீரல் சுரக்கும் புரதம்தான் சிஆர்பி. அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 19 மணி நேரம். அழற்சி அடங்கினால் ஓரிரு நாளில் ரிப்போர்ட்டில் தெரிந்துவிடும். டோசிலிசுமாப் என்ற அழற்சி மருந்து போட்டவர்கள் இந்த இறக்கத்தை நம்ப வேண்டாம். அது ஐஎல்-6 வழியையே அடைத்துவிடுவதால், நோய் எப்படியிருந்தாலும் சிஆர்பி விழும். கோவிட் சமயத்தில் மருந்துகளைச் சோதித்த ரெக்கவரி ஆய்வில்கூட சிஆர்பி 75-ஐத் தொட்டால் மட்டும் போதாது, ஆக்சிஜன் குறைவும் இருந்தால்தான் அந்த மருந்து.

புரோகால்சிடோனின் (பாக்டீரியா தொற்று இருக்கிறதா என்று ஊகிக்க உதவும் ரத்தப் பரிசோதனை) பற்றிக் கேட்டவருக்கு: 0.1-க்கும் கீழே. எக்ஸ்ரேயையும் பார்த்துவிட்டு, பாக்டீரியா சேர்ந்திருக்க வாய்ப்பு குறைவு என்று ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டார்கள்.

நடுவில் வெள்ளணு 14,000 என்று வந்ததும் வீடே பதறியது. ஸ்டீராய்டு கொடுத்தாலே கூடுமாம், முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்! லிம்போசைட் (வெள்ளணுவில் ஒரு வகை) மெல்ல ஏறுகிறது. டி-டைமர் (ரத்தம் உறைவது பற்றிய பரிசோதனை) மட்டும் இன்னும் கொஞ்சம் அதிகம். ரிவியூவில் மறுபடி பார்ப்பார்கள்.